எந்த மாடுலேஷன் பெஸ்ட்? பிட் எரர் கர்வை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க

நீங்க கேட்டதை ஒரு தடவை என் வார்த்தையில சொல்லிடறேன், ஏன்னா பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ள மூணு கேள்வி இருக்கு. க்யூபிஎஸ்கே, 16 க்வாம், 64 க்வாம்னு மூணு மாடுலேஷனையும் (பிட்டை ரேடியோ அலையில ஏத்தற முறை, ஒரு தடவைக்கு முறையே 2, 4, 6 பிட்) சிமுலேட் பண்ணி பிட் எரர் ரேட் கர்வ், அதாவது எத்தனை பிட்ல ஒண்ணு தப்பாகுதுங்கிற கர்வ், போட்டிருக்கீங்க, எப்படிப் போட்டாலும் க்யூபிஎஸ்கேதான் ஜெயிக்குது, அப்படின்னா மொபைல் நெட்வொர்க்ல எதுக்கு 64, 256னு மேல மேல போறாங்க. இது ஒண்ணு. ரேலே ஃபேடிங் (மொபைல்ல சிக்னல் ஏறி இறங்கறதுக்கான கணக்கு மாடல்) சேர்த்ததும் மூணு கர்வும் பேரலலா போகுது, விழவே மாட்டேங்குது, கோட்ல தப்பு இருக்கா. இது ரெண்டாவது. கடைசியா, ரிப்போர்ட் முடிவுரையில மொபைலுக்கு ஏத்த மாடுலேஷன்னு எதை எழுதறது.

நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா கோட்ல பெரிய தப்பு எதுவும் தெரியல. ஃபேடிங்ல கர்வ் அப்படித்தான் வரணும். ஆனா பிட் எரர் கர்வ் காட்டறது ஒரு விஷயம், மொபைல் சிஸ்டம் டிசைன் பண்றவங்க தேடறது வேற ஒரு விஷயம். எரர் குறைவா இருக்கணும்ங்கிறது அவங்க குறிக்கோளே இல்ல. ஒரு செகண்டுக்கு, ஒரு ஹெர்ட்ஸ் பேண்ட்வித்துக்கு, அந்தப் பக்கம் சரியா போய்ச் சேர்ந்த பிட் எத்தனை, இதுதான் கணக்கு. இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

முதல்ல கான்ஸ்டலேஷன், அதாவது ஒவ்வொரு பிட் கூட்டத்துக்கும் ஒரு புள்ளின்னு வரைஞ்ச படம். ஒரு தடவை அனுப்பற ஒரு புள்ளிதான் ஒரு சிம்பல். சராசரி பவரை 1னு வெச்சுக்கிட்டு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு போட்டுப் பாருங்க, க்யூபிஎஸ்கேல 1.41, 16 க்வாம்ல 0.63, 64ல 0.31, 256ல 0.15. அதாவது 16ல இருந்து மேல ஒவ்வொரு படிக்கும் தூரம் கிட்டத்தட்ட பாதியாகுது, தூரம் பாதியானா அதே எரர் ரேட் வர்றதுக்கு பவர் 4 மடங்கு வேணும், அதாவது 6 டிபி (டெசிபல், 10 டிபின்னா பத்து மடங்கு). அதுக்கு பதிலா நமக்கு கிடைக்கிறது சிம்பலுக்கு 2 பிட் கூடுதல். 2ல இருந்து 4க்கு போகும்போது ஸ்பீடு ரெண்டு மடங்கு, 4ல இருந்து 6க்கு 50 சதவீதம் கூடுது, 6ல இருந்து 8க்கு 33, 8ல இருந்து 10க்கு வெறும் 25. ஒவ்வொரு படிக்கும் கொடுக்கிற விலை கிட்டத்தட்ட அதே 6 டிபி, வரவு மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே போகுது. அதனால ஹை ஆர்டர் மாடுலேஷன் சும்மா கிடைக்கிற ஸ்பீடு இல்ல, டவர் பக்கத்துல நல்ல சிக்னல்ல நிக்கிறவங்களுக்கு மிச்சமா இருக்கிற பவரை பிட்டா மாத்தற வழி. 1948ல கிளாட் ஷேனன் சொன்ன எல்லையும் இதையேதான் சொல்லுது, எஸ்என்ஆர் (சிக்னல் பவருக்கும் நாய்ஸ் பவருக்கும் உள்ள விகிதம்) நல்லா இருக்கிற இடத்துல 3 டிபி கூட்டினா ஒரு ஹெர்ட்ஸுக்கு 1 பிட் கூடும், அதுக்கு மேல யாராலயும் எடுக்க முடியாது.

இப்ப உங்க முதல் கேள்விக்கு ஒரே ஒரு எஸ்என்ஆர் எடுத்து கிட்டத்துல பார்ப்போம். ஒரு சிம்பலுக்கு 12 டிபி, ஃபேடிங் இல்ல, வெறும் காஸியன் நாய்ஸ் (ரிசீவர்ல எப்பவும் இருக்கிற சாதாரண இரைச்சல்). க்யூபிஎஸ்கேல பிட் எரர் ரேட் சுமார் 0.0000345, லட்சம் பிட்ல மூணோ நாலோ தப்பு. 16 க்வாம்ல சுமார் 2.8 சதவீதம், லட்சத்துல 2,800 தப்பு. கர்வை மட்டும் பார்த்தா 16 க்வாம் பக்கமே போகக் கூடாதுன்னு தோணும், இல்லையா?

ஆனா யாரும் பிட் பிட்டா அனுப்பறதில்ல, பிளாக்கா அனுப்பறாங்க, பிளாக்ல ஒரு பிட் தப்பினாலும் சிஆர்சி செக்ல (பிளாக்ல தப்பு இருக்கான்னு பார்க்கிற சோதனை) மொத்த பிளாக்கும் போயிடும். 10,000 பிட் பிளாக் ஒண்ணை அந்த "நல்ல" க்யூபிஎஸ்கேல கோடிங் (தப்பைத் திருத்த கூடுதல் பிட் சேர்க்கிறது) எதுவும் இல்லாம அனுப்பினா, ஒரு பிட் கூட தப்பாம போய்ச் சேர வாய்ப்பு 71 சதவீதம்தான், பத்துல மூணு பிளாக் குப்பைக்கு. சிம்பலுக்கு 2 பிட் அனுப்பி கையில சேர்றது 1.4 பிட். அதே 12 டிபில 16 க்வாம் எடுத்து, கோட் ரேட் 0.6 (அனுப்பற பிட்ல 60 சதவீதம் நிஜ டேட்டா) வெச்சு டர்போ கோடு போட்டு அனுப்பினா, சிம்பலுக்கு 4 பிட் போகுது, அதுல நிஜ டேட்டா 2.4 பிட், மீதி 1.6 பிட் தப்பைத் திருத்தறதுக்கான கூடுதல் பிட். டீகோடருக்கு அந்த 2.8 சதவீத தப்பு ஒரு பொருட்டே இல்ல, சுத்தமா திருத்திடும். ஆக 1.4க்கு எதிரா 2.4. உங்க கர்வ்ல தோத்தது நிஜத்துல ஜெயிக்குது.

க்யூபிஎஸ்கேக்கும் கோடிங் போட்டா என்னன்னு கேப்பீங்க, கேக்கணும், நியாயமான கேள்விதான். போடலாம், எரர் சுத்தமா போயிடும், ஆனா சிம்பலுக்கு 2 பிட்டுக்கு மேல எப்படியும் ஏற முடியாது, 12 டிபில ஷேனன் எல்லை 4 பிட்டுக்கு மேல இருக்கு, பாதிக்கு மேல வீணாக்கறோம். அதனாலதான் எல்டிஇல, அதாவது 4ஜில, மாடுலேஷனையும் கோட் ரேட்டையும் படிப்படியா அடுக்கின டேபிளைப் பார்த்தா ஒரு விஷயம் புரியும், 16 க்வாம்ல கோட் ரேட் 0.6 வந்ததுமே அடுத்த படி 16 க்வாமோட கோடிங்கைக் குறைக்கிறதில்ல, 64 க்வாமுக்கு தாவி கோட் ரேட்டை 0.455க்கு இறக்கறாங்க. பெரிய கான்ஸ்டலேஷன், கூடவே பலமான கோடிங். இந்த ஜோடியைத்தான் நீங்க ஒப்பிடணும், மாடுலேஷனைத் தனியா பிரிச்சு எடுத்து ஒப்பிட்டா அதுக்கு மொபைல் உலகத்துல அர்த்தமே கிடையாது. 1993ல கிளாட் பெரு குழு டர்போ கோடு கொண்டு வந்தப்புறம்தான் இந்த விளையாட்டு இவ்வளவு லாபமா ஆச்சு, 5ஜி டேட்டா சேனல்ல அந்த இடத்தை எல்டிபிசிங்கிற இன்னொரு கோடு பிடிச்சிருக்கு, அதோட வேர் 1960களோட தொடக்கத்துல ராபர்ட் கேலகர் பண்ணின வேலையில இருக்கு.

சரி, ரேலே. இதுலதான் நிறைய பேர் பயந்து கோடை மூணு தடவை திருப்பி எழுதறாங்க. பயப்பட வேண்டாம். பிபிஎஸ்கே (சிம்பலுக்கு 1 பிட்) காஸியன் நாய்ஸ்ல ஆயிரத்துல ஒரு தப்பு வர 6.8 டிபி போதும், ரேலேல அதே இடத்துக்கு வர 24 டிபி வேணும். 17 டிபி வித்தியாசம், பவர்ல பார்த்தா 50 மடங்கு. இன்னும் பத்து மடங்கு கம்மியா தப்பு வேணும்னா காஸியன்ல ஒண்ணு ஒண்ணரை டிபி கூட்டினா போதும், ரேலேல முழுசா 10 டிபி கூட்டணும். அதனாலதான் ஒண்ணு அருவி மாதிரி விழுது, இன்னொண்ணு லாக் ஸ்கேல்ல சாஞ்ச நேர்கோடா போகுது.

ஏன் நேர்கோடுங்கிறதை ஃபார்முலா இல்லாமலே புரிஞ்சுக்கலாம். மொபைல்ல சிக்னல் பல பாதையில வந்து ஒண்ணோட ஒண்ணு கூடுது, சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. ரேலே கணக்குப்படி சராசரியை விட 10 டிபி கீழ போற நேரம் சுமார் 10 சதவீதம், 20 டிபி கீழ போற நேரம் 1 சதவீதம், 30 டிபி கீழ 0.1 சதவீதம். உங்க எரர்ல பெரும்பகுதி இந்தக் குழியில விழுந்த நேரத்துல நடக்கிறதுதான், மேட்டுல இருக்கிற நேரத்துல எரர் கிட்டத்தட்ட பூஜ்யம். பவரை 10 டிபி கூட்டினா என்ன ஆகும்? குழியில இருக்கிற நேரம் பத்துல ஒரு பங்காகும், அவ்வளவுதான், எரரும் அதே பத்துல ஒரு பங்காகும். அதுதான் அந்தச் சாய்வு. மாடுலேஷனை மாத்தினா இந்தக் கோடு இடம் வலம் நகரும், சாய்வு மாறவே மாறாது, க்யூபிஎஸ்கே ஆனாலும் 64 க்வாம் ஆனாலும் ஒரே சாய்வுதான். நீங்க மூணு கர்வும் பேரலலா வருதுன்னு சொன்னீங்களே, அது உங்க கோட் சரியா ஓடுதுங்கிறதுக்கு சாட்சி.

சாய்வை மாத்தணும்னா டைவர்சிட்டி வேணும், அதாவது ஒரே டேட்டா தனித்தனியா ஃபேட் ஆகற பல வழியில வந்து சேரணும். ரெண்டு ஆன்டெனா வெச்சா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம ஃபேட் ஆனா, ரெண்டும் ஒரே நேரத்துல 20 டிபி குழியில இருக்க வாய்ப்பு 100ல ஒண்ணு இன்டு 100ல ஒண்ணு, பத்தாயிரத்துல ஒண்ணு. 10 டிபி கூட்டினா எரர் 100 மடங்கு குறையும். ரிசீவர்ல ரெண்டு ஆன்டெனா வைக்க இடம் இல்லைன்னா டிரான்ஸ்மிட்டர் பக்கம் வெச்சும் இதே பலனை எடுக்கலாம்னு 1998ல சியாவாஷ் அலமூட்டி காட்டினார். கோடிங், இன்டர்லீவிங் (பிட் வரிசையைக் கலைச்சு அனுப்பறது), அகலமான பேண்ட்ல சப்கேரியரை (பேண்டைப் பிரிச்ச சின்னச் சின்ன அலைவரிசை) பரப்பறது எல்லாமே ஒரு வகையில டைவர்சிட்டிதான், ஒரு பிளாக்கோட பிட் எல்லாம் ஒரே குழியில விழாம பார்த்துக்கிறது. என் கருத்து என்னன்னா, மொபைல் சேனல்ல மாடுலேஷன் தேர்வை விட டைவர்சிட்டிக்கு செலவு பண்ற உழைப்புக்குத்தான் பலன் அதிகம், உங்க ப்ராஜெக்ட்ல நேரம் மிச்சம் இருந்தா ரெண்டு ஆன்டெனா கேஸை மட்டுமாவது சேர்த்துப் போடுங்க, அந்த ஒரு கிராஃப்ல நீங்க கத்துக்கிறது அதிகமா இருக்கும்.

இனி மொபைல்ங்கிற வார்த்தைக்கு வருவோம், ஆள் நகர்றார். 2 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 15 சென்டிமீட்டர், சுமாரா அதுல பாதி தூரம், 7.5 சென்டிமீட்டர் நகர்ந்தாலே மேட்டுல இருந்து குழிக்கு வந்துடலாம். நடந்து போறவர் மணிக்கு 3 கிலோமீட்டர்ல அந்தத் தூரத்தைக் கடக்க 90 மில்லிசெகண்ட். வண்டியில மணிக்கு 60 கிலோமீட்டர்ல 4.5 மில்லிசெகண்ட். இந்த ரெண்டு எண்ணையும் நல்லா பார்த்துக்கோங்க, எல்லாம் இதுலதான் இருக்கு.

எப்படின்னா, போன் சேனலை அளந்து சிக்யூஐன்னு, சேனல் எவ்வளவு நல்லா இருக்குன்னு சொல்ற ஒரு எண்ணை பேஸ் ஸ்டேஷனுக்கு (டவருக்கு) அனுப்பிக்கிட்டே இருக்கும், எல்டிஇல முதல்ல வந்த டேபிள்ல 1ல இருந்து 15 வரைக்கும். 1னா க்யூபிஎஸ்கே, கோட் ரேட் 78/1024, சிம்பலுக்கு 0.15 பிட். 15னா 64 க்வாம், 948/1024, சிம்பலுக்கு 5.55 பிட். மேல் படிக்கும் கீழ் படிக்கும் 36 மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரிய ரேஞ்ச்ல ஒரே ஒரு மாடுலேஷனை பெஸ்ட்னு எப்படிச் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. ஆள் நிக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி படி மாறிக்கிட்டே இருக்கணும். ஆனா போன் அளந்து, அனுப்பி, பேஸ் ஸ்டேஷன் ஷெட்யூல் பண்ணி, டேட்டா வந்து சேர சில மில்லிசெகண்ட் ஆயிடும். நடக்கிறவருக்கு அது பிரச்சனையே இல்ல, 90ல சில மில்லிசெகண்ட் எந்த மூலைக்கு, குழி மேடு ரெண்டையும் துரத்திப் பிடிச்சு மேட்டுல 64 க்வாம், குழியில க்யூபிஎஸ்கேனு லாபம் எடுத்துடலாம். வண்டியில போறவருக்கு அந்த ரிப்போர்ட் வந்து சேரும்போதே பழசு, அளந்தப்ப மேடு, டேட்டா போகும்போது குழி. அப்ப குழி மேட்டைத் துரத்தறதை விட்டுட்டு சராசரியைப் பார்த்து கொஞ்சம் தாழ்வான படியில ஓட்டி, மீதியை டைவர்சிட்டியும் ரீடிரான்ஸ்மிஷனும் பார்த்துக்கட்டும்னு விடறதுதான் சரி. ஒரே இடம், ஒரே சராசரி எஸ்என்ஆர், ஆனா நடந்தா ஒரு ஸ்பீடு, வண்டியில வேற ஸ்பீடு வர்றதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

போன் அனுப்பற ரிப்போர்ட் தப்பா இருந்தா யார் திருத்தறதுங்கிறதுக்கும் ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. பேஸ் ஸ்டேஷன் தன் பக்கம், போன் சொன்னதோட கூட்டிக்கிற ஒரு ஆஃப்செட் வெச்சிருக்கும், பிளாக் சரியா போனா 0.1 டிபி மேல ஏத்தும், ஃபெயில் ஆனா 0.9 டிபி கீழ இறக்கும். ஒன்பது தடவை ஏறினது ஒரு தடவை இறங்கறதோட சமன் ஆகற இடத்துல போய் நிக்கும், அதாவது பத்துல ஒரு பிளாக் ஃபெயில் ஆகற இடம். ஆமா, 10 சதவீத பிளாக் எரர் வேணும்னே வைக்கிறது. படிக்கும்போது எனக்கு இது தப்பா அச்சாகியிருக்குன்னே தோணுச்சு. ஆனா ஹைப்ரிட் ஏஆர்க்யூ இருக்கிறதால ஃபெயில் ஆன பிளாக்கைத் தூக்கிப் போடறதில்ல, ரிசீவர் அதை வெச்சிருந்து ரெண்டாவது தடவை வர்றதோட சேர்த்து டீகோட் பண்ணும், பெரும்பாலும் ரெண்டாவது தடவையே தேறிடும். எரரை 1 சதவீதத்துக்குக் கொண்டு வர்றேன்னு தாழ்வான படிக்கு இறங்கினா ஒவ்வொரு பிளாக்லயும் ஸ்பீடு இழப்பு, 10 சதவீதம் விட்டா பத்துல ஒரு பிளாக்குக்கு மட்டும் ரெண்டாவது தடவை செலவு. ரீடிரான்ஸ்மிஷனுக்கே நேரம் இல்லாத, தாமதம் தாங்காத வேலைக்கு மட்டும் 5ஜில தனியா ஒரு சிக்யூஐ டேபிள் வெச்சிருக்காங்க, அங்க டார்கெட் லட்சத்துல ஒண்ணு.

டாப்ளர், அதாவது ஆள் நகர்றதால அலைவரிசை விலகறது, கான்ஸ்டலேஷனை நேரடியாவும் பாதிக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர், 2 கிகாஹெர்ட்ஸ், டாப்ளர் 222 ஹெர்ட்ஸ். எல்டிஇ சப்கேரியர் இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ், அதுல 1.5 சதவீதம், தாங்கும். அதே வேகத்துல 28 கிகாஹெர்ட்ஸ் போனா 3,100 ஹெர்ட்ஸ், 15 கிலோஹெர்ட்ஸ்ல 20 சதவீதம், பக்கத்து சப்கேரியர் மேலேயே ஏறிடும். இந்த மாதிரி மில்லிமீட்டர் வேவ் பேண்ட்ல 120 கிலோஹெர்ட்ஸ் மாதிரி பெரிய இடைவெளி வெச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஹார்ட்வேர் பத்தி உங்க சிமுலேஷன்ல எதுவும் இல்ல, ஆனா ஹை ஆர்டர் மாடுலேஷனை நிஜத்துல கவிழ்க்கிறது பல சமயம் இதுதான். நான் ஒரு ரிசீவர் போர்டை பெஞ்சுல வெச்சு 64 க்வாம் பார்த்துக்கிட்டிருந்தேன், எரர் குறைய மாட்டேங்குது, பவரை கூட்டிக் கூட்டிப் பார்த்தே ரெண்டு நாள் போச்சு, 20 டிபி கூட்டியும் ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம்தான் கான்ஸ்டலேஷன் ஸ்க்ரீனை ஒழுங்கா பார்த்தேன். நடுவுல இருக்கிற நாலு புள்ளியும் அச்சடிச்ச மாதிரி சுத்தமா இருக்கு, வெளி ஓரம் போகப் போக புள்ளி புள்ளியா இல்லாம வில்லா வளைஞ்சு இழுபடுது, நாலு மூலையில இருக்கிறது பக்கத்துப் புள்ளியைத் தொடுது. நாய்ஸா இருந்தா எல்லாப் புள்ளியும் ஒரே அளவுல உருண்டையா பரவணும். இது சுத்துது, மையத்துல இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளமா சுத்துது, அப்படின்னா ஆசிலேட்டரோட ஃபேஸ் நாய்ஸ். அதுக்கு பவர் மருந்தே இல்ல, சிக்னலோட சேர்ந்து அதுவும் வளரும். லோக்கல் ஆசிலேட்டர் லூப்பை சரி பண்ணின அன்னைக்கே எரர் விழுந்துடுச்சு. அதே போர்டு க்யூபிஎஸ்கேல அதுக்கு முன்னாடியும் ஒரு குறையும் இல்லாமதான் ஓடுச்சு, ஏன்னா க்யூபிஎஸ்கே 45 டிகிரி வரைக்கும் சுத்தினாதான் தப்பும்.

மூலைப் புள்ளிங்க உள்பக்கமா அமுங்கி சதுரம் உருண்டையாகற மாதிரி தெரிஞ்சா அது பவர் ஆம்ப்ளிஃபையர் கம்ப்ரெஷன். ஸ்டாண்டர்ட்ல டிரான்ஸ்மிட்டருக்கு ஈவிஎம் (புள்ளி இருக்க வேண்டிய இடத்துல இருந்து எவ்வளவு விலகுதுங்கிற அளவு) எல்லை வெச்சிருக்கிறதும் இதனாலதான், எல்டிஇ பேஸ் ஸ்டேஷனுக்கு க்யூபிஎஸ்கேல 17.5 சதவீதம் வரைக்கும் போகலாம், 16 க்வாம்ல 12.5, 64ல 8, 256ல 3.5 சதவீதம்தான். 3.5 சதவீதம்னா 29 டிபி, காத்துல ஒரு மீட்டர் கூட போறதுக்கு முன்னாடியே உங்க எஸ்என்ஆருக்கு அதுதான் கூரை.

போன் பக்கம் பேட்டரி வேற இருக்கு. ஜிஎஸ்எம்ல (2ஜி) ஜிஎம்எஸ்கேங்கிற மாடுலேஷனை எடுத்ததுக்கு ஒரு பெரிய காரணம் சிக்னலோட உயரம் மாறவே மாறாது, ஆம்ப்ளிஃபையரை முழு சாச்சுரேஷன்ல ஓட்டலாம், பேட்டரி மிச்சம். டேட்டாவை நிறைய சப்கேரியர்ல பிரிச்சு அனுப்பற ஓஎஃப்டிஎம் அதுக்கு நேர் எதிர், நூத்துக்கணக்கான சப்கேரியர் கூடும்போது பீக் சராசரியை விட 10 டிபி அளவுக்கு எகிறும், பீக் வெட்டுப்படாம இருக்க ஆம்ப்ளிஃபையரை அடக்கித்தான் ஓட்டணும். எல்டிஇ அப்லிங்க்ல (போன்ல இருந்து டவருக்கு) பீக் குறைவா இருக்கிற எஸ்சி எஃப்டிஎம்ஏ முறை வந்ததுக்கும், 5ஜி அப்லிங்க்ல இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் பை பை 2 பிபிஎஸ்கேனு சிம்பலுக்கு ஒரே ஒரு பிட் தர்ற மாடுலேஷனைச் சேர்த்ததுக்கும் இதுதான் காரணம். அதே 5ஜி டவுன்லிங்க்ல ரிலீஸ் 17ல 1024 க்வாம் வரைக்கும் போயிருக்கு. ஒரே ஸ்டாண்டர்ட், ஒரு ஓரத்துல 1 பிட், இன்னொரு ஓரத்துல 10 பிட், ரெண்டுக்கும் இடம் இருக்கு.

ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி கர்வ்ல ஒரு விஷயத்தைக் கண்டிப்பா சரி பாருங்க, எக்ஸ் அச்சு ஈபி பை என்நாட்டா (ஒரு பிட்டுக்கான எனர்ஜியை நாய்ஸால வகுத்தது), இஎஸ் பை என்நாட்டா (ஒரு சிம்பலுக்கானது). க்யூபிஎஸ்கேக்கு ரெண்டுக்கும் 3 டிபி வித்தியாசம், 16 க்வாமுக்கு 6, 64 க்வாமுக்கு 7.8. ஒண்ணை ஒரு அச்சுலயும் இன்னொண்ணை வேற அச்சுலயும் போட்டு ஒப்பிட்டு ரிப்போர்ட்டே முடிச்சவங்களைப் பார்த்திருக்கேன். சரியா இருக்கான்னு பார்க்க, காஸியன் நாய்ஸ்ல லட்சத்துல ஒரு தப்பு வர்ற இடத்தைப் பாருங்க, ஈபி பை என்நாட் அச்சுல க்யூபிஎஸ்கே 9.6 டிபி, 16 க்வாம் 13.4, 64 க்வாம் 17.8, கிரே கோடிங்கோட (பக்கத்துப் புள்ளிக்கு ஒரு பிட் மட்டும் மாறற மாதிரி). இதுல இருந்து அரை டிபி விலகினாலும் எங்கயோ பவர் நார்மலைஸ் பண்ணாம விட்டிருக்கீங்க. கோடிங் சேர்த்தீங்கன்னா கோட் ரேட்டையும் ஈபி கணக்குல சேர்க்க மறந்துடாதீங்க.

முடிவுரைக்கு நான் சொல்றது, பிட் எரர் கிராஃப் பக்கத்துல இன்னொரு கிராஃப் போடுங்க, எக்ஸ் அச்சுல சிம்பல் எஸ்என்ஆர், ஒய் அச்சுல சிம்பலுக்கு சரியா போய்ச் சேர்ந்த பிட், அதாவது அனுப்பின டேட்டா பிட் இன்டு பிளாக் பிழைக்கிற வாய்ப்பு. ஒவ்வொரு மாடுலேஷன் கோடிங் ஜோடிக்கும் ஒரு கோடு வரும், ஒரு இடம் வரைக்கும் பூஜ்யத்துல கிடந்து, திடீர்னு எழும்பி, அப்புறம் சமமா போகும். எல்லாத்தையும் ஒண்ணா போட்டா படிக்கட்டு மாதிரி தெரியும், எந்த எஸ்என்ஆர்ல எந்தக் கோடு மேல இருக்கோ அதுதான் அந்த இடத்துக்கு பெஸ்ட். ஷேனன் கோட்டையும் அதே கிராஃப்ல போட்டீங்கன்னா எந்தப் படியில எவ்வளவு விட்டுட்டு வர்றோம்னு கண்ணாலயே பார்க்கலாம். ரேலேக்கும் அதே கிராஃபைத் தனியா போடுங்க, ஒரு தடவை சேனலை அந்தந்த நிமிஷம் தெரிஞ்சு படி மாத்தற மாதிரி, இன்னொரு தடவை 5 மில்லிசெகண்ட் பழைய ரிப்போர்ட்டை நம்பி மாத்தற மாதிரி, வேகம் 3 கிலோமீட்டருக்கும் 60 கிலோமீட்டருக்கும். அந்த நாலு கோடும் வந்ததும் போடுங்க, சேர்ந்தே பார்ப்போம்.